பிக்கப்பில் கேம்பர் பெட்டி கட்டியவர்கள் வாருங்கள்: கோடு உடையவில்லை, பெட்டி மட்டும் எப்படி நகர்ந்தது?

கோத்தகிரி மெஷின்காரன்

நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மண்டையைக் குடைகிறது. அதனால் எழுதுகிறேன்.

பொலேரோ பிக்கப். உக்கடம் பழைய இரும்புக் கடையில் கிடைத்த கேம்பர் பெட்டி. தேயிலை வெட்டும் மெஷின் ரிப்பேருக்கு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறவன் நான், ராத்திரி தங்க வேண்டியிருக்கும். பெட்டியை முழுசாகப் பிரித்தேன். கூரைக்குப் புதுத் தகரம், சுவருக்குப் புது பிளைவுட். அடிச்சட்டம் நாலில் மூன்றை மாற்றினேன். இடது பக்கச் சட்டம் தட்டிப் பார்த்ததில் கெட்டியாக இருந்தது, விட்டுவிட்டேன். பிக்கப் தொட்டியின் தரையில் ஓட்டை போட்டு நாலு மூலையிலும் 12 எம்.எம். போல்ட்டு. முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் தகரத்துக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். நட்டு கழன்றால் கோடு உடைந்து காட்டும்.

அன்றைக்கு மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். அரவேணு தாண்டியதிலிருந்து, வளைவுக்குப் பிரேக் போடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ‘டொக்’. காஸ் சிலிண்டர் ஆடுகிறது என்று நினைத்தேன். குஞ்சப்பனையில் டீக்கு நிறுத்தினேன். பலா சீசன், யானை நடமாட்டம் உண்டு, யாரும் அங்கே ரொம்ப நேரம் நிற்பதில்லை. முட்டைக்கோஸ் லாரியிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே என் வண்டியைச் சுற்றி வந்தார். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வலது பக்கம் விரலை விட்டார், போயிற்று. இடது பக்கம் வந்து மடியிலிருந்த பீடிக்கட்டிலிருந்து ஒரு பீடியை உருவிச் சொருகிப் பார்த்தார். நுழையவில்லை.

“தம்பி, பெட்டி நடக்குதே.”

காலையில் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி இருந்ததை நானே பார்த்தேன். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்து டார்ச் அடித்தேன். நாலு நட்டிலும் மஞ்சள் கோடு நூல் பிடித்த மாதிரி அப்படியே இருந்தது.

பெரியவர் தன் லோடு கயிற்றை எடுத்து, தொட்டிமேல் ஒரு காலை உதைத்துக்கொண்டு குறுக்காக இழுத்துக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “மேல வரும்போது கயிறைக் குடுங்க” என்றார். அவ்வளவுதான். நட்டு திரும்பாமல் பெட்டி எப்படி நகர்ந்தது? யாருக்காவது இந்த மாதிரி ஆகியிருக்கிறதா?

டம்டம்பாறை

கயிறு கட்டிவிட்டார் என்று நிம்மதியாக வண்டி ஓட்டினீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் போல்ட்டே போடவில்லை. ராட்செட் பெல்ட் நாலு, கடையில் பெரிய டன் கணக்கு சொல்லித்தான் விற்றார்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினோம், டம்டம் பாறை வியூ பாயிண்டில் பிள்ளைகள் தலையாறு அருவி பார்க்க இறங்கினார்கள். நான் சும்மா பெல்ட்டைத் தடவிப் பார்த்தேன். தொட்டியின் தகர விளிம்பில் உரசி உரசி, நாலு விரல் அகலப் பெல்ட் அரைஞாண் கயிறு மொத்தத்துக்கு வந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளிம்புக்குக் கீழே மடங்கும் இடத்தில்தான் அறுந்திருந்தது. அந்த நார் கையில் பட்டது இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது. பழைய டியூபைக் கிழித்து விளிம்பில் கொடுத்துக் கட்டினேன், ஊருக்குத் திரும்பும்வரை என் வீட்டம்மா என்னோடு பேசவில்லை.

கெத்தை 43

எல்லாருக்கும் வணக்கம். என் அனுபவம் இரண்டு வரிதான். மஞ்சூரிலிருந்து காரமடை இறங்கும்போது எனக்கும் அதே ‘டொக்’. பார்த்தால் நட்டு லூஸ், முறுக்கினேன், சரியாகிவிட்டது.

சகோதரர் செய்த தவறு சாதா நட்டு போட்டது. நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருக்கும், அதிர்வில் கழலாது) போட வேண்டும். கிடைக்காவிட்டால் டபுள் நட்டு. ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பக் கூடாது. இன்னொன்று, மலையில் இறங்குவது எப்படி என்றே பலருக்குத் தெரிவதில்லை. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பெட்டி முன்னால் தள்ளத்தான் செய்யும். அந்தப் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரை விட்டு நான் கையை எடுப்பதில்லை. ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும், அதையும் சமவெளிக்காரர்கள் செய்வதில்லை. வார இறுதியில் வந்து பாருங்கள், வளைவிலேயே வண்டியை நிறுத்தி செல்பி எடுக்கிறார்கள். தண்ணீர் கேனைப் பின்கதவுப் பக்கம் வைக்காதீர்கள், 20 லிட்டர் கேன் இரண்டு என்றால் 40 கிலோ, அந்த எடை பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். டயர் காற்றும் பாருங்கள். கமான் பட்டையும் பாருங்கள்.

மன்னவனூர் குளிர்

கெத்தை அண்ணா, அவர் எழுதியதைப் படித்தீர்களா? கோடு உடையவில்லை என்கிறார். நட்டே திரும்பாதபோது நைலாக் நட்டு என்ன செய்யும்?

மெஷின்காரண்ணா, நீங்கள் மாற்றாமல் விட்ட அந்த இடது சட்டத்தைப் பாருங்கள். எங்கள் வண்டி சின்ன யானை (டாடா ஏஸ்), அதில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டிய பெட்டி. டிசம்பரில் மன்னவனூரில் இரண்டு ராத்திரி. விடியற்காலை மூன்று மணிக்கு என் நெற்றியில் சொட்டு விழுந்தது. வெளியே மழையே இல்லை. இரண்டு பேர் விட்ட மூச்சு குளிர்ந்த தகரத்தில் பட்டு, தண்ணீராகி, சுவருக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று ஜன்னலை இறுக்கி மூடியிருந்தோம். ஊருக்கு வந்து உள்பக்கம் ஒட்டியிருந்த ரெக்சினை உரித்தேன். அடிச்சட்டம் வெளியே நல்ல பெயிண்டோடு பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவது போல் கைப்பிடி வரை போயிற்று. அதே சட்டத்தை முந்தின வாரம் தட்டிப் பார்த்து ‘கெட்டியா இருக்கு’ என்று சொன்னவள் நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கொடைக்கானல் பக்கம் அப்படிப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தியை எல்லாரும் படித்திருப்போம். அடுப்பே இல்லாவிட்டாலும் ஜன்னல் ஒரு விரலாவது திறந்திருக்கட்டும், சொட்டு குறையும்.

கூடலூர் பாடிக்காரர்

தங்கச்சி சொன்னது சரி. நான் லாரிக்குப் பாடி கட்டுகிறவன், முதலில் சங்ககிரி, இப்போது கூடலூர். கேம்பர் ஒன்றே ஒன்றுதான் கட்டியிருக்கிறேன். அது நடுவட்டம் ஏற்றத்தில் முன்பக்க மூலையில் கிழிந்து வந்தது, அந்தக் கிழிசலை இன்னும் மறக்க முடியவில்லை. காகிதத்தைக் கிழித்த மாதிரி கோணலாக ஒரு கோடு.

காரணம், கொண்டை ஊசியில் ஒரு சக்கரம் ஏறி ஒன்று இறங்கும்போது சேஸ், அதாவது வண்டியின் அடி இரும்புச் சட்டம், முறுக்கும். முறுக்குவதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெட்டி முறுக்காது. நாலு மூலையையும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று கிழிந்துதான் ஆக வேண்டும். அதனால் பின்னால் இரண்டு இடத்தில் கெட்டியாகப் பிடித்து, முன்னால் ஸ்பிரிங் கொடுத்துப் பிடிக்க வேண்டும். தொட்டித் தகரத்தில் போட்ட போல்ட்டு போல்ட்டே இல்லை. கீழே உள்ளங்கை அகலத்துக்கு 6 எம்.எம். பிளேட் கொடுங்கள். முடிந்தால் யூ போல்ட்டு போட்டுச் சேஸையே பிடியுங்கள். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். பெட்டிக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டால் வழுக்காது.

இப்போது கோடு விஷயம். போல்ட்டு பிடிப்பது இழுவையால். நடுவில் இருக்கும் மரம் அமுங்கிவிட்டால் இழுவை போய்விடும், நட்டு ஒரு நூல்கூடத் திரும்பியிருக்காது. கோடு நட்டைத்தான் காட்டும், மரத்தைக் காட்டாது. மரத்தில் ஓட்டை போடும்போது கொஞ்சம் பெரிதாகப் போட்டு, சட்டத்தின் உயரத்துக்கே ஒரு இரும்புக் குழாய்த் துண்டை அதில் சொருகி, அதற்குள் போல்ட்டை விடுங்கள். இறுக்கம் குழாய்மேல் நிற்கும், மரம் நசுங்காது. முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

கெத்தை 43

நைலாக் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே?

கூடலூர் பாடிக்காரர்

வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை தம்பி. போடுங்கள்.

டி.என். 43

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “இது லோடா, பாடியா?” எனக்கு வாயடைத்துவிட்டது. லோடு என்றால் இறக்கிக் காட்டு என்பார், பாடி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் ஏன் இல்லை என்பார். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதாக மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அங்கேயே நாலு பேரைக் கூப்பிட்டு, அரை மணி நேரத்தில் பெட்டியை இறக்கி மைதானத்தில் வைத்தேன். பாடிக்காரர் சொல்கிற மாதிரி யூ போல்ட்டு போட்டுச் சேஸோடு பிடித்திருந்தால் அன்றைக்கு என் கதி என்ன என்றுதான் யோசிக்கிறேன்.

கோத்தகிரி மெஷின்காரன்

மூன்று நாள் மழை, இன்றைக்குத்தான் பெட்டியை இறக்க முடிந்தது. மன்னவனூர் தங்கச்சி சொன்ன மாதிரியே ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். இடது சட்டத்தின் நடுவில் இறங்கவில்லை, கெட்டி. நான் தட்டிப் பார்த்ததும் அந்த இடத்தில்தான். முன் போல்ட்டு ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் கறுப்பு, கையால் பிய்த்தால் காப்பித்தூள் மாதிரி உதிர்கிறது. ஓட்டை வட்டமாக இல்லை, கட்டை விரல் நீளத்துக்கு முன்பின்னாக இழுபட்டிருக்கிறது. பின் போல்ட்டிலும் அதே கதை, கொஞ்சம் கம்மி. போல்ட்டு போட நான் குடைந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓட்டைக்குள் ஒரு சொட்டு சீலன்ட் விட்டிருக்கலாம்.

பாடிக்காரண்ணா, குழாய்த் துண்டு அறுத்துவிட்டேன். சட்டத்துக்கு வேங்கை கேட்டிருக்கிறேன், விலை கேட்டுத் தலை சுற்றுகிறது.

அப்புறம் அந்தக் கயிறு. நாலு தடவை குஞ்சப்பனையில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். முட்டைக்கோஸ் லாரி தினமும் பத்து போகிறது, எந்தப் பெரியவர் என்று டீக்கடைக்காரர் கேட்கிறார். டாஷ்போர்டுக்குக் கீழே சுருட்டி வைத்திருக்கிறேன்.