எடுப்பதற்கு முன்னால் வரையணும்

மூன்றாம் வகுப்புக்கு ஆதி மனிதர்கள் பாடம். முதல் வருடம் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பலகையில் எழுதித்தான் நடத்தினேன். ஒப்பித்தார்கள், மறந்தார்கள்.

அடுத்த வருடம் ஒரு தொட்டியில் மண் நிரப்பி, பழைய சட்டி ஒன்றை உடைத்து, அந்த ஓடுகளோடு கரித்துண்டும் எலும்பும் சேர்த்துப் புதைத்தேன். மேலே சணலால் கட்டம் கட்டியிருந்தேன். "தோண்டுங்கள்" என்றதுதான் தாமதம், இரண்டே நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. "டீச்சர், நான் அஞ்சு எடுத்தேன்!" சரி, எது எதன் பக்கத்தில் கிடந்தது? ஒருவருக்கும் தெரியவில்லை. புதையல் வேட்டையைத்தான் நடத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுமுறை ஆளுக்கொரு பல்துலக்கும் பிரஷ், ஒரு கட்டத்தாள். வரைந்து முடிக்கும்வரை எதையும் எடுக்கக் கூடாது. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி, ஓட்டின் வெளிப்பக்கம் மட்டும் கரி பிடித்திருப்பதையும் கரித்துண்டுகள் அதை ஒட்டியே கிடப்பதையும் வரைந்துவிட்டு, "இங்க யாரோ சமைச்சிருக்காங்க" என்றாள். பக்கத்துப் பையன் விடவில்லை: "குப்பையைக் கொண்டுவந்து கொட்டின இடமாவும் இருக்கலாமே?" நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வேறு என்ன கிடைத்தால் முடிவு செய்யலாம் என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடியில மண்ணு வெந்திருக்கணும்" என்றான். எட்டு வயது!

கரியின் வயதைக் கார்பன் 14 (உயிருள்ளவற்றில் இருந்து, அவை இறந்தபின் மெல்லக் குறையும் ஒரு வகைக் கார்பன்) வைத்துக் கணக்கிடலாம், கிட்டத்தட்ட 50,000 ஆண்டுகள்வரை. கல்லில் அது நடக்காது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் பொருந்தும். கல் கருவியின் வயதைப் பெரும்பாலும் அது கிடந்த மண்ணடுக்கையும் கூடக் கிடந்ததையும் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னதும், வரையச் சொன்னது ஏன் என்று அவர்களே புரிந்துகொண்டார்கள்.

—

நானும் ஆசிரியர்தான்; உங்கள் தொட்டிப் பாடம் அருமை. எனக்கு வேறொரு தலைவலி. எந்த வகுப்பில் ஆதி மனிதர் என்று ஆரம்பித்தாலும் முதல் கேள்வி, "டைனோசரை எப்படி வேட்டையாடினாங்க?" இல்லை என்று வாயால் சொன்னால் ஏறாது. அதனால் கயிற்றை எடுத்தேன். ஒரு முனை இன்று; அங்கிருந்து ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். வகுப்பறை நீளத்துக்கு 6.6 மீட்டர் இழுக்க வேண்டியிருந்தது. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்து, 1978-இல் வெளிப்பட்ட, மனித மூதாதையரின் காலடித் தடங்கள் 36 சென்டிமீட்டரில். நம் இனம் சுமார் 3 சென்டிமீட்டர். விவசாயம் ஒரு மில்லிமீட்டர்தான்.

ஒரு பையன் அந்த மில்லிமீட்டரை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அப்போ நான் பிறந்ததைக் குறிக்கவே முடியாதா?" பென்சிலை எவ்வளவு கூராகச் சீவினாலும் முடியாது என்றேன். அப்படியும் சீவிக்கொண்டு வந்துவிட்டான்.