புதுப்பிப்பு: விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எங்கள் பூனை

கிளிநொச்சியிலிருந்து பிரான்சுக்குப் பூனையை என்னுடனேயே விமானத்தில் கொண்டுசெல்வது பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பூனை நலமாக வந்து சேர்ந்துவிட்டது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெறுங்கூடை மட்டுமே ஊடுகதிர் இயந்திரத்துக்குள் சென்றது. பூனையைக் கையில் ஏந்தியபடி நான் சோதனை வாயிலைக் கடந்தேன். கூடையைத் திறக்கும் முன்பே நெஞ்சுப்பட்டியையும் கயிற்றையும் மாட்டிவிடும்படி வவுனியாவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்த யோசனைதான் காப்பாற்றியது: தட்டுகள் மோதிய சத்தத்தில் பூனை என் தோளில் நகங்களை ஊன்றித் துள்ளப் பார்த்தபோது, கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. தனியறையில் சோதிக்கும்படி கேட்கத் தேவை வரவில்லை.

எதிர்பாராத விடயம், நெஞ்சுப்பட்டியின் உலோக வளையத்துக்குச் சோதனை வாயில் ஒலியெழுப்பியதால் கையாலும் சோதித்தார்கள் என்பது. பிளாஸ்டிக் கொளுவி உள்ள பட்டியே நல்லது.

உண்மையில் கடினமானவை ஆவணங்களே. இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் பூனைக்கு முதலில் மைக்ரோசிப், அடுத்து விசர்நாய் நோய்த் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு என்பதே ஒழுங்கு. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கால்நடை வைத்தியரிடம் போங்கள்.