மூலைமட்டம்: எந்த அளவு வாங்கலாம், 90 சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புது_உளி:
வணக்கம். 18 மி.மீ. பிளைவுட்டில் ஓர் அலமாரியும், தேக்கில் 7 அடிக்கு 3 அடி கதவு நிலையும் செய்யப் போகிறேன். கையில் இருப்பவை 8 இன்ச் மூலைமட்டம் (தடித்த கட்டையும் மெல்லிய தகடும் 90 டிகிரியில் சேர்ந்தது) ஒன்று, கட்டை நகர்கிற 12 இன்ச் காம்பினேஷன் ஸ்கொயர் ஒன்று. ஒன்றை வைத்துக் கோடு போட்டு, அதே கோட்டில் மற்றதை வைத்தால் 8 இன்ச் தூரத்தில் கால் நூல் (ஒரு நூல் என்பது 1/8 இன்ச்) விலகுகிறது. எது சரி, எது தப்பு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? புதிதாக வாங்க வேண்டும் என்றால் எந்த அளவு, எந்த வகை? இன்னொன்று: 10 டிகிரி சாய்ந்த கால் வைத்த ஸ்டூலும், எண்கோணக் கண்ணாடிச் சட்டமும் செய்யும் எண்ணம் இருக்கிறது. அந்தக் கோணங்களைக் குறிக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்? விவரம் தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி:
தம்பி, ஒரு மட்டத்தை இன்னொரு மட்டத்தோடு வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை, இரண்டுமே தப்பாக இருக்கலாம். திருப்பிப் போட்டுப் பார்க்கும் சோதனைதான் சரி. அதற்கு வேறு கருவி எதுவும் தேவைப்படாது.

ஓரடி அகலத்துக்குக் குறையாத எம்.டி.எஃப். அல்லது பிளைவுட் துண்டு ஒன்று எடுங்கள். அதன் ஓரம் நேராக இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஓரம் நடுவில் லேசாகப் புடைத்திருந்தால் நல்ல மட்டமும் தப்பு என்றே காட்டும். அதனால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். அந்தத் துண்டை வேறொரு பலகை மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிக் கூர் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு துண்டைப் புரட்டி, அதே ஓரத்தை அதே கோட்டின் மறுபக்கத்தில் வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் முழு நீளத்துக்கும் ஒன்றாகப் படிந்தால் ஓரம் நேர். நடுவிலோ முனைகளிலோ பிரிந்தால் இழைத்துச் சரி செய்த பிறகே மேலே போக வேண்டும்.

இனி மட்டம். கட்டையை அந்த ஓரத்தில் அழுத்தி, தகட்டின் வெளி விளிம்பை ஒட்டி முழு நீளத்துக்குக் கத்தியால் ஒரு கோடு. புத்தகத்தில் பக்கம் திருப்புவது போல் மட்டத்தைத் திருப்பி, கட்டை எதிர்ப்பக்கம் வரும்படி வைத்து, முதல் கோடு தொடங்கிய இடத்திலேயே தொடங்கி இரண்டாவது கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக V போல விரிந்தால் தப்பு. விரிந்த இடைவெளியில் பாதிதான் உண்மையான பிழை. இதை மறக்க வேண்டாம், திருப்பிப் போடும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும். கட்டை இடப்பக்கம் இருந்தபோது போட்ட கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தால் கோணம் 90க்கு மேல், இடப்பக்கம் சாய்ந்திருந்தால் 90க்குக் கீழ்.

எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? 300 மி.மீ. தூரத்தில் கோடுகள் 1 மி.மீ. விலகினால் பிழை அரை மி.மீ. பார்க்கச் சின்னதுதான். ஆனால் 600 மி.மீ. ஆழமுள்ள அலமாரித் தட்டில் அது 1 மி.மீ., 2100 உயரப் பக்கப் பலகையில் மூன்றரை மி.மீ. ஆகிவிடும். டிராயர் ஒரு பக்கம் உரசுவதும், கதவு மேலே முட்டிக் கீழே இடைவெளி விடுவதும் பெரும்பாலும் இதனால்தான். மரவேலை மூலைமட்டங்களுக்கான பிரிட்டிஷ் தரம் (பி.எஸ். 3322) தகட்டின் ஒரு செ.மீ.க்கு 0.01 மி.மீ. விலகலை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் 200 மி.மீ. தகட்டுக்கு 0.2 மி.மீ. அதாவது திருப்பிப் போட்ட கோடுகள் முனையில் 0.4 மி.மீ.க்கு மேல் பிரியக் கூடாது. கத்திக் கோடு போட்டால்தான் இந்த அளவைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியும். மொட்டைப் பென்சில் கோடே ஒரு மி.மீ. தடிமன்.

உங்களிடம் இருப்பதில் காம்பினேஷன்தான் பிழையாக இருக்கும் என்பது என் ஊகம், ஆனாலும் இரண்டையும் சோதியுங்கள். இந்த வகையில் கட்டைக்குள் இருக்கும் காடியில் (நீளப் பள்ளத்தில்) ஸ்கேல் இரண்டு சின்ன மேடுகள் மேல் உட்காருகிறது. அங்கே மரத்தூளோ இரும்புப் பிசிறோ சிக்கினால் ஸ்கேல் சாய்ந்துவிடும். திருகைக் கழற்றி, ஸ்கேலை உருவி, காடியைப் பழைய டூத்பிரஷால் துடையுங்கள். மறுபடி போடும்போது ஸ்கேலைக் காடிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகை முறுக்குங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள். அப்போதும் தப்பு என்றால் மேடுகளில் ஒன்று உயரம். மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துச் சரி செய்பவர்கள் உண்டு. ஆனால் மலிவான வார்ப்பில் காடியே லொடலொடவென்று இருந்தால் அரம் உதவாது. அதை ஆழம் பார்க்கவும், ஓரத்துக்கு இணையாகக் கோடு இழுக்கவும் வைத்துக்கொள்ளலாம், 90க்கு நம்பக் கூடாது.

வாங்குவதானால்: தகடு அசையாமல் ரிவிட் அடித்த 8 அல்லது 10 இன்ச் ஒன்று, பிளைவுட்டுக்கு. கழுந்து (துளையில் செருகும் சட்ட நுனி), சட்ட முனை போன்ற நுண்வேலைக்கு 4 இன்ச் முழு இரும்பு மட்டம் ஒன்று, லேத் பட்டறைக்காரர்கள் வைத்திருப்பது. இந்த இரண்டு போதும். 12 இன்ச் காம்பினேஷன் நல்லதாகக் கிடைத்தால் மூன்றாவதாக வாங்கலாம். மரக்கட்டை வைத்த மூலைமட்டத்தில், கட்டையின் உள்முகத்தில் பித்தளைப் பட்டை இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கோணம் மாறுவதும் உண்டு. கடைக்குப் போகும்போது நேரான ஓரமுள்ள எம்.டி.எஃப். துண்டும் கத்தியும் கையோடு எடுத்துப் போங்கள். கல்லாவிலேயே திருப்பிப் போட்டுப் பார்த்து வாங்குவதில் ஒரு தவறும் இல்லை.

சட்டமும்_கழுந்தும்:
மட்டம் சரியாக இருந்தும் வேலை கோணலாவதற்குக் காரணம் அதைப் பிடிக்கிற விதம். தேக்குச் சட்டம் நான்கிலும் முதலில் ஒரு முகத்தையும் அதை ஒட்டிய ஓர் ஓரத்தையும் இழைத்து நேராக்கி, இரண்டிலும் பென்சிலால் அடையாளம் போடுங்கள். அதற்குப் பிறகு மட்டத்தின் கட்டை அந்த இரண்டு பக்கங்களில் மட்டும்தான் உட்கார வேண்டும். சட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கோடு இழுக்கும்போது ஆரம்பித்த இடத்தில் முடிகிற கோடு சேரவில்லை என்றால், நடுவில் எங்கேயோ கட்டையை அடையாளம் இல்லாத பக்கத்தில் வைத்திருப்பீர்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத மரத்தில் இது உடனே தெரிந்துவிடும்.

கோடு போடும் முறை: அளந்த புள்ளியில் முதலில் கத்தி முனையை வையுங்கள். பிறகு மட்டத்தை நகர்த்திக் கொண்டு வந்து தகட்டைக் கத்தியில் முட்ட விடுங்கள். மட்டத்தை முதலில் வைத்து, புள்ளிக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதைவிட இது துல்லியம். கத்தியின் தட்டையான பக்கம் தகட்டை ஒட்டியும், சரிவான பக்கம் வெட்டி எறியப் போகும் பகுதியைப் பார்த்தும் இருக்கட்டும். முதல் இழுப்பு மிக லேசாக. அழுத்தினால் கத்தி தேக்கின் நார் போகிற போக்கில் ஓடிவிடும், தகட்டையும் தள்ளும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் ஆழமாக்கலாம். கோடு முடிகிற விளிம்பில் முதலிலேயே ஒரு சின்னக் கீறல் போட்டு வைத்தால் அங்கே சிலாம்பு தெறிக்காது.

இடது கையின் கட்டை விரல் மட்டத்தின் கட்டையை மரத்தோடு தள்ளிப் பிடிக்க வேண்டும், மற்ற விரல்கள் தகட்டை அமுக்க வேண்டும். தகட்டை மட்டும் அமுக்கினால் கட்டை மரத்தைவிட்டு மயிரிழை விலகும். கோட்டின் கோணல் அங்கேதான் தொடங்கும்.

இழைத்த ஓரம் 90 தானா என்று பார்க்க, கட்டையை அடையாளமிட்ட முகத்தில் அழுத்தி, மெதுவாகக் கீழே இறக்கித் தகடு ஓரத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபக்கம் ஜன்னல் வெளிச்சம் இருக்கட்டும். எந்தப் பக்கம் வெளிச்சம் கசிகிறதோ அது பள்ளம், எதிர்ப்பக்கம் இன்னும் இழைக்க வேண்டும். ஆறு இன்ச்சுக்கு ஒரு தடவை தூக்கி வைத்துப் பாருங்கள். மட்டத்தை மரத்தின் மேல் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள், தகட்டு விளிம்பு தேய்ந்துவிடும். உள்மூலையில் மரத்தூள் ஒட்டியிருந்தால் மேடு இல்லாத இடத்தில் மேடு காட்டும், ஒவ்வொரு முறையும் விரலால் துடைத்துவிடுங்கள்.

நிலைக்கால்:
முன் பதிவில் சொன்னது சட்டத்துக்குப் பொருந்தும். முழு நிலைக்கு 8 இன்ச் மட்டத்தை நம்ப வேண்டாம். 7 அடி கால் எங்கே, 8 இன்ச் தகடு எங்கே? நிலையைக் கூட்டிய பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். உள் அளவு 84 இன்ச், 36 இன்ச் என்றால் மூலைவிட்டம் 91 இன்ச் 3 நூல் வரும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 2 நூல் வித்தியாசம் இருந்தால் நிலையின் தலை ஏறத்தாழ இரண்டரை நூல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது என்று கணக்கு. கதவை மாட்டினால் மேல் இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் ஒரு நூல் குறையும். நீளமான மூலைவிட்டத்தின் மேல் கிளாம்ப் போட்டு இழுத்துச் சமமாக்கி, குறுக்கே ஒரு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து வைத்த பிறகே சுவரில் நிறுத்த வேண்டும்.

அலமாரி சுவர் மூலையில் உட்காருவது என்றால் சுவரையும் பார்த்துவிடுங்கள். ஒரு சுவரில் 900, மற்றதில் 1200 மி.மீ. குறித்து, குறுக்கே அளந்தால் 1500 வர வேண்டும். 1510 வந்தால் மூலை ஏறத்தாழ 0.8 டிகிரி திறந்திருக்கிறது, 600 ஆழமுள்ள பக்கப் பலகைக்கு முன்னால் 8 மி.மீ. சந்து தெரியும். அலமாரியை 90லேயே செய்து, சந்தை மூடத் தனியாக ஒரு பட்டை விடுங்கள். சுவருக்கு ஏற்ப அலமாரியைக் கோணலாக்கினால் டிராயர் ஓடாது.

பெரிய எல் வடிவ இரும்பு மட்டம் (24 இன்ச்சுக்கு 16 இன்ச்) கீழே விழுந்து கோணம் மாறினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்மூலைக்கும் வெளிமூலைக்கும் இடையே குறுக்காக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோணம் 90க்குக் குறைந்திருந்தால் அந்தக் கோட்டில் உள்மூலைக்குப் பக்கத்தில் சென்டர் பஞ்ச் வைத்து ஓர் அடி. அங்கே உலோகம் பிதுங்கிக் கோணம் திறக்கும். 90க்கு மேல் என்றால் வெளிமூலைக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் திருப்பிப் போட்டுச் சோதனை. கட்டையும் தகடும் தனித்தனியாகச் சேர்த்த சின்ன மூலைமட்டத்துக்கு இந்த வைத்தியம் செய்யக் கூடாது, ரிவிட் ஆடிப்போகும்.

புது_உளி:
நன்றி அண்ணா. திருப்பிப் போட்டுப் பார்த்ததில் 8 இன்ச் மட்டத்தின் கோடுகள் ஒன்றாகவே விழுகின்றன. காம்பினேஷனில் காடியைத் துடைத்த பிறகும் 300 மி.மீ.க்கு 1 மி.மீ. விரிகிறது, அதை ஆழம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். கோண விஷயத்தையும் யாராவது சொல்லுங்களேன். முக்கோண ஸ்பீடு ஸ்கொயர் ஒன்று வாங்கலாமா?

பெவல்_பிடி:
ஸ்பீடு ஸ்கொயர் அமெரிக்காவில் கூரைச் சட்டம் வெட்டுகிறவர்களுக்காக வந்தது, 1925ல் ஆல்பர்ட் ஸ்வான்சன் வடிவமைத்தார். அதில் உள்ள கூரைச் சரிவு அளவுகள் உங்கள் வேலைக்குத் தேவைப்படாது. ஆனால் 7 இன்ச் அளவில் ஒன்று இருந்தால் 90, 45 வெட்டுக்குக் கட்டர் மெஷினை அதன் ஓரத்தில் ஒட்டி ஓட்டலாம். தடித்த உதடு மரத்தில் நன்றாகப் பிடிக்கும். அதில் பொறித்த டிகிரிக் கோடுகளை வைத்து 10ஐயும் 22.5ஐயும் எடுக்க மட்டும் முயல வேண்டாம், கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அரை டிகிரி எளிதாகத் தவறும்.

அதற்குத் தகடு திரும்புகிற பெவல் மட்டம் ஒன்று வாங்குங்கள். கோணத்தை டிகிரியாகப் பார்க்காமல் நீளமாக எடுங்கள். எம்.டி.எஃப். துண்டின் நேரான ஓரத்திலிருந்து, சரியென்று தெரிந்த உங்கள் 8 இன்ச் மட்டத்தை வைத்துக் கோடு போட்டு, ஸ்கேலால் 300 மி.மீ. வரை நீட்டுங்கள். அதன் உச்சியிலிருந்து ஓரத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் 10 டிகிரிக்கு 52.9 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையும் கோட்டின் அடியையும் சேர்த்தால் செங்குத்திலிருந்து 10 டிகிரி சாய்வு கிடைத்துவிடும். 5 டிகிரிக்கு 26.2, 15க்கு 80.4, 22.5க்கு 124.3, 30க்கு 173.2. இந்தத் தூரத்தில் 1 மி.மீ. தவறினாலும் பிழை 0.2 டிகிரிக்குள் அடங்கும். பள்ளிக்கூடப் பாகைமானியில் இது நடக்காது. பெவலின் கட்டையை அந்த ஓரத்தில் வைத்து, தகட்டைச் சாய்கோட்டோடு ஒட்டித் திருகை முறுக்குங்கள். இந்தப் பலகையைப் பத்திரமாக வைத்திருங்கள், நான்கு காலுக்கும் இதிலிருந்தே பெவலைச் சரிபார்க்கலாம்.

எண்கோணத்துக்கு ஒவ்வொரு முனையும் 22.5. எட்டு மூலைக்குப் பதினாறு வெட்டு. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி தவறினால் கடைசி மூலையில் 4 டிகிரி வாய் பிளக்கும். அதனால் முதலில் வீணான மரத்தில் எட்டுத் துண்டு வெட்டி டேப் ஒட்டி வட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். பிளந்த அளவைப் பதினாறால் வகுத்தால் ஒரு வெட்டில் எவ்வளவு திருத்த வேண்டும் என்று தெரியும். சந்து வெளிப்பக்கம் திறந்தால் வெட்டுக் கோணம் குறைவு, உள்பக்கம் திறந்தால் கூடுதல். துண்டுகளின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குத் தடுப்புக்கட்டை வைத்து வெட்டுங்கள், தனித்தனியாக அளக்க வேண்டாம்.

45 டிகிரியைச் சோதிக்க, நேரான ஓரத்தில் இரு பக்கமிருந்தும் ஒன்றையொன்று வெட்டும்படி 45 கோடுகள் போட்டு, அவை சந்திக்கும் இடத்தில் மூலைமட்டத்தை வையுங்கள். அங்கே 90 வந்தால் 45 சரி.

பெவலின் திருகு முறுக்கும்போது தகடு சற்று நகரும், குறிப்பாகச் சிறகுத் திருகு வைத்ததில். முறுக்கிய பிறகு ஒரு தடவை சாய்கோட்டில் வைத்துப் பார்த்துவிட்டே மரத்துக்குப் போங்கள். நாலாவது கால் குறித்து முடித்ததும் இன்னொரு தடவை அதே கோட்டில் வைத்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் எந்தக் காலிலிருந்து தப்பு என்று தேடுவதைவிட, நான்கையும் மறுபடி குறிப்பதே வேகம். ரம்பம் இன்னும் மரத்தைத் தொடவில்லையே.