புதுப்பிப்பு: அம்மாவின் மயக்க மருந்து விஷயம்

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததிலிருந்து அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, ரசத்துக்கு மூன்று தடவை உப்புப் போடுகிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். வக்கீலைப் பார்க்கச் சொன்னீர்கள். சரி என்று சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியே ஆபரேஷன் தேதிதான். அரசாங்க மருத்துவமனை என்றால் மலேசியாவின் 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், தனியார் என்றால் பொதுவாக 6 வருடம். எங்களுடையது அரசாங்கம், 14 மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

அப்புறம் நான் கொண்டுபோன கோப்பில் மயக்க மருந்துப் பதிவுத்தாளை மட்டும் தனியே எடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் புள்ளி புள்ளியாகக் குறித்திருக்கிறது, நடுவில் இருபது நிமிடம் வெறும் கட்டங்கள். பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டவர், "இது மட்டும் போதாது தம்பி" என்றார். வேறொரு மயக்கவியல் நிபுணர் பார்த்து, தவறு நடந்தது, அதனால்தான் இந்தப் பாதிப்பு என்று இரண்டையும் எழுதித் தர வேண்டுமாம். செலவு அங்கேதான்.

மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் டாக்டர் மேல் நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. எங்கள் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) மாமா ஒருவர் "உயிரோடதானே இருக்காங்க, விடேன்" என்கிறார். அவர் வீட்டு ரசம் சரியாக இருக்கிறது, சொல்லுவார். நிபுணருக்குக் கோப்பு போயிருக்கிறது, பதில் வந்ததும் எழுதுகிறேன்.