மறு: 'செர்வியன்ட் ஹெரிடேஜ்' தமிழில் எப்படி?

வணக்கம். தன் நிலத்தைப் பயன்படுத்துவதற்காக இன்னொருவர் நிலத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் வழி, தண்ணீர் போன்ற உரிமைதான் வசதியுரிமை (ஈஸ்மென்ட்). அதில் பயன் பெறும் நிலம் 'டாமினன்ட் ஹெரிடேஜ்', அந்த உரிமைக்கு உட்படும் நிலம் 'செர்வியன்ட் ஹெரிடேஜ்'. இவற்றுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்பதுதான் குழுவில் எழுந்த கேள்வி.

> டாமினன்ட் ஹெரிடேஜ் = ஆதிக்கச் சொத்து, செர்வியன்ட் ஹெரிடேஜ் = ஊழியச் சொத்து. மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறதே ஐயா?

மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ரோமானியச் சட்டத்தில் இந்த உரிமைக்கு 'செர்விட்டுஸ்' என்று பெயர். அடிமைத்தனத்துக்கும் அங்கே அதே சொல்தான். ஒரு நிலம் இன்னொரு நிலத்துக்கு ஊழியம் செய்கிறது என்ற உருவகம் அவர்களுடையது. அதைத் தமிழில் அப்படியே இறக்கினால், 'உன் காடு என் காட்டுக்கு அடிமை' என்று ஒருவர் வரப்பில் நின்று பேச நாமே வழி செய்து கொடுத்ததாகும். வாய்க்கால் தகராறில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகள் எத்தனை! சட்டத்தில் அடிமை என்று யாரும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்துக்கு முழு உரிமையாளராகவே இருக்கிறார். குறிப்பிட்ட ஒரு செயலை மட்டும் தடுக்காமல் விடுகிறார், அவ்வளவுதான்.

1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைகள் சட்டத்தின் 4ஆம் பிரிவில் வரும் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு வீட்டுக்காரருக்குப் பக்கத்து நிலத்து ஊற்றுக்குப் போய் வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் எடுத்துவர உரிமை இருக்கிறது. இதில் பயனைப் பெறுவது வீடு, அந்த உரிமையைத் தாங்குவது ஊற்று இருக்கும் நிலம். எனவே என் பரிந்துரை: பெறுநிலம், தாங்குநிலம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகைகள். உரிமையாளர்களைக் குறிக்கப் பெறுநிலத்தார், தாங்குநிலத்தார் என்று சொல்லிவிடலாம்.

> வீட்டை எப்படி 'நிலம்' என்பது?

அதே பிரிவின் விளக்கமே, மண்ணோடு நிலையாகப் பிணைந்தவற்றையும் நிலத்தில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் வீடும் அடங்கும்.

> புதுச்சொல் எதற்கு? பத்திரத்தில் 'பாத்தியம்' இருக்கிறதே.

இருக்கிறது, நல்ல சொல்லும்கூட. 'மாமூல் தட வழி நடை பாத்தியம்' என்பது பத்திரம் எழுதுபவர் எல்லோருக்கும் மனப்பாடம். அது தமிழ்ச் சொல்லா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பாத்தியம் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பதுதான் சிக்கல். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கிணறு இருந்தால்தான் தோட்டம், இல்லாவிட்டால் காடு. பாகப்பிரிவினையில் கிணறு பெரியப்பாவின் பாகத்துக்குள் விழுந்தது. அப்பாவுக்கு 'கிணற்றில் சரிபாதியும், தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலும் பாத்தியம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். பல வருடம் கழித்து வாய்க்காலை மூடிக் குழாய் பதிக்கப் போனபோது சண்டை வந்தது. அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு உரிமைகள் இருந்தது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கிணற்றில் சரிபாதி என்பது சொத்து. கூட்டு உடைமை. வசதியுரிமை என்பது சட்டத்தின் சொற்படியே தன்னுடையதல்லாத நிலத்தின் மேல் இருப்பது. ஆகவே கிணற்றைப் பொறுத்தவரை எங்களுக்குத் தாங்குநிலம் என்று ஒன்று கிடையாது. வாய்க்கால் ஓடிய பெரியப்பாவின் நிலம்தான் தாங்குநிலம். 'இன்ன சர்வே எண் தாங்குநிலம், இன்ன சர்வே எண் பெறுநிலம்' என்று அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு வீடும் பத்து வருடம் பேசாமல் இருந்திருக்காது.

இந்த வேறுபாடு விற்கும்போதும் வரும். கிணற்றுப் பங்கு என் சொத்து, நான் விற்கலாம். வாய்க்கால் உரிமையைப் பெறுநிலத்திலிருந்து பிரித்துத் தனியே விற்க முடியாது. நிலம் கைமாறினால், வேறுவிதமாக எழுதாதவரை, அதுவும் கூடவே போய்விடும். பங்கை மட்டும் வாங்குகிறவர்கள் வாய்க்காலும் சேர்ந்து வருகிறது என்று நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு நண்பர் 'பெறுநர் சொத்து' என்று எழுதியிருந்தார். 'நர்' வேண்டாம் என்பதற்குக் குத்தகை ஒன்றே போதும். குத்தகைதாரர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்தின் வழியாக 20 வருடம் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு, தடைபடாமல் தண்ணீர் கொண்டுவந்தார் என்று வையுங்கள். 15ஆம் பிரிவின்படி கனியும் உரிமை அந்த ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர் உரிமையாளர் சார்பில் அதைத் தேடித் தருகிறார் என்றுதான் 12ஆம் பிரிவு பார்க்கிறது. குத்தகை முடிந்து அவர் போய்விடுவார், உரிமை மண்ணோடு நிற்கும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குத்தகைக்குப் பிடித்த நிலத்தின் மேல், தன் சொந்த நிலத்துக்காக, குத்தகைதாரர் வசதியுரிமை தேடிக்கொள்ள முடியாது. பெறுவது நிலம் என்பதைச் சொல்லே காட்டிவிட்டால், உரிமையாளரும் குத்தகைதாரரும் பாதி விஷயத்தை வக்கீலிடம் போகாமலே புரிந்துகொள்வார்கள்.

சரி, ஆழ்துளைக் கிணறு. பக்கத்துக்காரர் ஆழமாகத் துளையிட்டதால் என் கிணறு வற்றிவிட்டது, அவர் நிலம் 'தாங்குநிலம்' ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரின் மேல், எத்தனை வருடம் இறைத்தாலும் நீண்டகால அனுபவத்தால் வசதியுரிமை வராது என்று 17ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் இயல்பான உரிமை என்கிறது 7ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. இன்றைக்கு வறண்டு கிடக்கும் கிணறுகளைப் பார்க்கும்போது அந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதைச் சட்டத்தில்தான் திருத்த வேண்டும், கலைச்சொல்லை இழுத்து நீட்டி மறைக்கக் கூடாது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. இரண்டு நிலமும் ஒரே ஆளின் முழு உடைமையாகிவிட்டால் வசதியுரிமை இல்லாமல் போகிறது (46ஆம் பிரிவு). அதற்கு 'அவிதல்' என்று ஒருவர் முன்வைத்தார். விளக்கு அவிந்தால் மறுபடி ஏற்றலாம் என்று தோன்றிவிடும். எனக்கு 'அற்றுப்போதல்' போதும் என்று படுகிறது. பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் அவர்கள் கருத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்.