கார் பிரியை அம்மாவோடு மோடெனா பக்கம்: சீஸ், வினிகர், லம்ப்ருஸ்கோ

சாப்பாடு, ஒயின் என்று பயணம் போக ஆசைப்படுகிற பிள்ளைக்கும் காரைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத அப்பா அம்மாவுக்கும் ஒரே பயணம் ஒத்துவராது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எனக்கும் அம்மாவுக்கும் அது அருமையாக ஒத்துவந்தது, அதற்கு முக்கியக் காரணம் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர். இத்தாலியில் எமிலியா-ரொமாஞா, அதிலும் மோடெனாவுக்கும் போலோன்யாவுக்கும் நடுவில் இருக்கிற சமவெளி. மரனெல்லோவில் ஃபெராரி, சான்ட் அகட்டாவில் லம்போர்கினி, மோடெனா நகரத்துக்குள்ளேயே மசெராட்டி, சான் செசாரியோவில் பகானி. எல்லாமே ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், பால்சாமிக் வினிகர், லம்ப்ருஸ்கோ ஒயின் எல்லாம் பிறப்பதும் இதே மண்ணில்தான்.

அம்மா பிரீமியர் பத்மினியில் ஸ்டீயரிங் கம்பத்து கியரைப் போட்டு ஓட்டப் பழகியவர். வாடகைக் கார் ஆட்டோமேட்டிக் என்றால் ஏறவே மாட்டேன் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார், அதனால் மேனுவல் ஃபியட் 500 எடுத்தோம். அவர் மது தொடமாட்டார். இத்தாலியில் ஓட்டுநருக்கு அனுமதி லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் வரைதான், லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. ஒயின் ஊர்களில் யார் ஓட்டுவது என்பதுதான் எப்போதும் பெரிய தலைவலி, எங்களுக்கு அது முதல் நாளே தீர்ந்துபோனது. "நீ குடி, நான் ஓட்டுறேன், சாவி மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

மோடெனாவில் என்ஸோ ஃபெராரி அருங்காட்சியகம், கார் பானெட் மாதிரி வளைந்த மஞ்சள் கூரை, ஃபெராரியைத் தொடங்கிய என்ஸோவுடைய அப்பாவின் பட்டறையும் அதே வளாகத்தில் இருக்கிறது. மரனெல்லோ அருங்காட்சியகமும் பார்த்தோம். இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் கூட்டம் அதிகம், இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது மோடெனாவுக்கு வெளியே இருக்கும் ஓம்ப்ரே பண்ணையை. கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பம் போட்ட பனீனி சகோதரர்களில் ஒருவரான உம்பெர்த்தோ பனீனி நடத்திய இயற்கைப் பால்பண்ணை அது. 1996இல் மசெராட்டியின் பழைய கார்கள் ஏலத்துக்குப் போகவிருந்தபோது அவர் அவற்றை வாங்கி ஊரைவிட்டுப் போகாமல் காப்பாற்றினார். ஒரு பக்கம் மாட்டுத் தொழுவம், சீஸ் கூடம், இன்னொரு பக்கம் கதவைத் திறந்தால் வரிசையாக மசெராட்டிகள். 1958இல் மோன்ஸா கார் பந்தயத்தில் ஆங்கிலேய பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய வெள்ளை மசெராட்டி எல்டொராடோ அங்கேதான் நிற்கிறது, அதற்குப் பணம் போட்டது ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி! அம்மா அதைச் சுற்றிச்சுற்றி வந்ததில் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

சீஸ் கூடத்தை மட்டும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், மதியம் போனால் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். முந்தின நாள் மாலைப் பாலை ராத்திரி முழுக்க நிற்க வைத்து ஆடை எடுத்து, காலைப் பாலோடு சேர்த்து, மணியைக் கவிழ்த்த வடிவில் இருக்கும் செம்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். தயிர்க்கட்டி போல உறைந்ததை நீளக் கம்பிக் கருவியால் அரிசி அளவுக்கு உடைத்து, அடியில் சேர்ந்ததைத் துணியில் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 40 கிலோ, அதற்குச் சுமார் 550 லிட்டர் பால், குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். முதிர்வு அறையில் ஒருவர் சின்ன சுத்தியலால் சக்கரத்தைத் தட்டித்தட்டிக் காது வைத்துக் கேட்கிறார், உள்ளே விரிசலோ காற்றுக்குழியோ இருந்தால் சத்தம் மாறும். "நம்ம மெக்கானிக் இன்ஜினைக் கேக்குற மாதிரியே கேக்குறாரே" என்று சொல்லி அம்மா அங்கேயே நின்றுவிட்டார். சீஸில் அக்கறை வந்தது அந்த நிமிடத்திலிருந்துதான். சுத்த சைவக்காரர்கள் கவனிக்க: இதில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட், அதற்கு மாற்று கிடையாது.

பால்சாமிக் வினிகர் ஊறுவது வீட்டு மாடத்தில், கூரைக்கு அடியில். கோடை வெக்கையும் குளிர்காலக் குளிரும் இரண்டுமே அதற்கு வேண்டும். காய்ச்சிய திராட்சைச் சாறு பெரிய பீப்பாயில் தொடங்கி வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் பீப்பாய்களில் வருடாவருடம் இறங்குகிறது, ஓக், செஸ்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர் என்று ஒவ்வொன்றும் வேறு மரம். கடைசிப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தால் அந்தக் குறையை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். பாரம்பரிய முத்திரைக்குக் குறைந்தது 12 வருடம், மேல் ரகத்துக்கு 25. பீங்கான் கரண்டியில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தார்கள். கறுப்பாக, கெட்டியாக, முதலில் இனிப்பு, நாக்கின் ஓரத்துக்குப் போனதும்தான் புளிப்பு. அதை அடைக்கிற 100 மில்லி குப்பியை வடிவமைத்தவர் முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபையும் மசெராட்டி கிப்லியையும் வரைந்த ஜூஜாரோ! இதைக் கேட்டதும் அம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித்திருப்பிப் பார்த்தார், அப்புறம் தன் காசில் ஒன்று வாங்கிக்கொண்டார். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பால்சாமிக் வேறு ரகம், அதில் ஒயின் வினிகரைக் கலப்பார்கள், அதை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

லம்ப்ருஸ்கோவை இனிப்பு சோடா என்று ஒதுக்குகிறவர்களை எனக்கு ஏற்கவே முடியவில்லை. சொர்பாரா ரகம் இளஞ்சிவப்பு, நறுக்கென்ற புளிப்பு. கிராஸ்பரோசா அடர் ஊதா, நுரைகூட நிறமாக எழும். இரண்டும் நன்றாகக் குளிர வைத்துத்தான் வரும். ஞொக்கோ ஃபிரித்தோ என்கிற பொரித்து உப்பிய மாவுத் துண்டின் மேல் பன்றி இறைச்சித் துண்டை வைத்துச் சாப்பிட்டால் வாயில் ஒட்டும் கொழுப்பை அந்தக் குமிழியும் புளிப்பும்தான் கழுவுகின்றன. வேறு ஒயின் இங்கே செல்லுபடியாகாது என்பது என் உறுதியான கருத்து.

போலோன்யாவிலிருந்து ஃபிளோரன்ஸுக்கு நெடுஞ்சாலையில் போகாமல் ஃபூத்தா கணவாய் வழியே போகச் சொன்னது அம்மாதான். 1927 முதல் 1957 வரை நடந்த மில்லே மிலியா பந்தயக் கார்கள் ஏறிய பாதை. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் மாற்றிமாற்றி வளைவு வளைவாக ஏறினார். அவ்வளவு சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இருந்த முகம் அன்று அவருக்கு.

கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: பழைய நகரப் பகுதிகளின் வாசலில் இசட்.டி.எல். (அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான பகுதி) பலகை இருந்தால் உள்ளே ஓட்டாதீர்கள், கேமரா நம்பரைப் படித்து அபராதம் வாடகை நிறுவனம் வழியாக வீடு வரைக்கும் வரும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் நல்லது. வினிகர் மாடங்களுக்கு முதல் நாளாவது போன் செய்யுங்கள், அங்கே பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர்தான் சுற்றிக் காட்டுவார், அவர் தோட்டத்தில் இருந்தால் கதவு பூட்டியிருக்கும்.