ராணுவக் கையேட்டில் முதலில் வரவேண்டியது ரெஜிமென்டா, கமாண்டா?

பொருநைக்கரை:
இந்தியத் தரைப்படையைப் பற்றித் தமிழில் நாம் தொகுத்துவரும் கையேட்டுக்குப் பொருளடக்கம் முடிவாக வேண்டும். ரெஜிமென்ட் வாரியாக, அதாவது ஒரே பெயரும் மரபும் கொண்ட படைக் குடும்பங்களின் வாரியாக, அடுக்கலாம் என்கிறேன். "பையன் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருக்கிறான்" என்றுதான் ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். எந்த டிவிஷன், எந்த கோர் என்று யாரும் சொல்வதில்லை. தேடி வருகிறவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். 1758-ல் தொடங்கும் வரலாறு, வெலிங்டனில் உள்ள பயிற்சி மையம், 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற போர் முழக்கம் எல்லாம் அவருக்கு ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

பழைய சிக்னல்காரன்:
இதை நான் ஏற்கவே மாட்டேன். முதல் பக்கத்திலேயே தவறான எண்ணம் பதிந்துவிடும். காலாட்படை ரெஜிமென்ட் மொத்தமாகத் திரண்டு போருக்குப் போவதில்லை. அதன் பட்டாலியன்கள், அதாவது களத்தில் இயங்கும் படை அலகுகள், வெவ்வேறு பிரிகேடுகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒரே பிரிகேடில் மெட்ராஸ், கூர்க்கா, சீக்கியப் பட்டாலியன்கள் அடுத்தடுத்து இருக்கலாம். உத்தரவு, மேலே பெரிய வட்டாரத்தைக் கவனிக்கும் கமாண்ட், அதன்கீழ் கோர், டிவிஷன், பிரிகேட் என்று இறங்கிப் பட்டாலியனுக்கு வருகிறது. அந்தப் பாதையில் ரெஜிமென்டுக்கு இடமே இல்லை. 'கர்னல் ஆஃப் தி ரெஜிமென்ட்' என்பதும் மூத்த அதிகாரி ஒருவர் வகிக்கும் கௌரவப் பொறுப்பு. மரபையும் வீரர்களின் நலனையும் அவர் பார்ப்பார், களத்தில் ஆணையிட மாட்டார். உதம்பூர், சண்டிமந்திர், புனே, கொல்கத்தா, லக்னோ, ஜெய்ப்பூர் என ஆறு களக் கமாண்டுகள், சிம்லாவில் ஒரு பயிற்சிக் கமாண்ட். இங்கிருந்து தொடங்குங்கள்.

பொருநைக்கரை:
கமாண்டுகளே மாறுகின்றனவே ஐயா! ஜெய்ப்பூரில் உள்ள தென்மேற்குக் கமாண்ட் 2005-ல்தான் வந்தது. பட்டாலியன்களோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. எது எந்த பிரிகேடில் இருக்கிறது என்று எழுதினால் அச்சேறும் முன்பே பழசாகிவிடும். அதைப் பொதுவில் எழுதுவதும் முறையல்ல. ரெஜிமென்ட் நிலையானது.

குன்னூர்வாசி:
நிலையானதா? முதல் உலகப் போருக்குப் பிறகு மெட்ராஸ் காலாட்படையைப் படிப்படியாகக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபிறகுதான் மீண்டும் திரட்டினார்கள். பழைய 1 மெட்ராஸ், அதாவது மெட்ராஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், இன்று அந்த ரெஜிமென்டிலேயே இல்லை; 1979-ல் உருவான இயந்திரக் காலாட்படை ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஆகிவிட்டது. 9 மெட்ராஸ் திருவிதாங்கூர் படையிலிருந்து வந்தது, தன் தொடக்கத்தை 1704 என்கிறது. அப்படியானால் 1758 எதன் ஆண்டு? பட்டாலியன் ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு எழுதாமல் இதை விளக்கவே முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவையுங்கள். பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவத்தின் பொறியியல் கிளையைச் சேர்ந்தது, மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்ததல்ல. 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மீது தானே விழுந்து தோழர்களைக் காத்து, ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் சாப்பர். அவரைக் காலாட்படைப் பட்டியலில் சேர்த்தால் அந்த மனிதருக்கே அநீதி.

பழைய சிக்னல்காரன்:
நன்றாகச் சொன்னீர்கள். தலைமைத் தளபதிகளையும் பாருங்கள். தமிழகத்தோடு தொடர்புடைய குமாரமங்கலம், பத்மநாபன் இருவரும் பீரங்கிப் படையினர், சுந்தர்ஜி மஹர் ரெஜிமென்ட். 1987-ல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனும் மஹர்தான். மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்டில் சேர்ந்தவர், வீழ்ந்தது காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்டிரிய ரைஃபிள்ஸின் 44-வது பட்டாலியனில். ரெஜிமென்ட் வாரியாக அடுக்கினால், மெட்ராஸ் ரெஜிமென்ட் பக்கத்தில் இவர்களைத் தேடும் தமிழ் மாணவன் ஏமாந்து திரும்புவான்.

பொருநைக்கரை:
அதற்குப் பெயர் அகரவரிசை போதும். முகுந்தின் பெயரை இரண்டு பக்கங்களிலும் போடலாம். மரபை எங்கே வைப்பீர்கள், அதைச் சொல்லுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் கேடயத்தின் மேல் யானை, குறுக்கே இரண்டு வாள்கள். அந்த யானை 1803-ல் மராத்தியருக்கு எதிராக பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியின் கீழ் அஸ்ஸாயேயில் போரிட்டதற்கான அடையாளம். இந்தியரை எதிர்த்துப் பெற்ற போர் விருதுகளைச் சுதந்திர இந்தியாவின் படை கொண்டாடுவதில்லை. யானை மட்டும் தொப்பியில் இருக்கிறது. ஒரு ராணுவம் தன் காலனியப் பழமையில் எதை விட்டது, எதை வைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. புனே கமாண்டின் கீழ் இதை எழுத முடியுமா?

பழைய சிக்னல்காரன்:
முடியாது, ரெஜிமென்டின் கீழ்தான் எழுத வேண்டும். மரபுப் பகுதி முழுவதையும் நீங்களே எழுதுங்கள். ஆனால் அது இரண்டாம் பாகமாக வரட்டும். யார் யாருக்கு உத்தரவிடுகிறார் என்பதை முதல் பாகத்தில் வரைபடமாகக் காட்டியே ஆக வேண்டும். பட்டாலியன்களின் இருப்பிடம் அதில் வேண்டாம், அந்தக் கருத்தை ஏற்கிறேன். பதவியில் இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தேதி நிலவரம் என்று குறிக்க வேண்டும்.

பொருநைக்கரை:
தேதி சரி. பதவிகளின் வரலாறும் வேண்டும்: 1949 ஜனவரி 15-ல் கரியப்பா முதல் இந்தியக் கமாண்டர்-இன்-சீஃப் ஆனது, 1955-ல் அந்தப் பதவி நீக்கம், 2020-ல் முதல் முப்படைத் தலைமைத் தளபதி. பாகங்களின் வரிசையில் மட்டும் நான் இன்னும் உடன்படவில்லை. மற்றவர்களும் சொல்லட்டும்.

குன்னூர்வாசி:
என் வாக்கு வரைபடத்துக்கு. ஆனால் நான்கு பக்கங்களுக்கு மேல் போகக்கூடாது.